வாசகர் கேள்வி–பதில்: சண்டை முடிந்தபின் வரும் ஐந்து நிமிடம்

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பிறர் நிலை உணர்தலையும், தம்மிலிருந்து வேறுபட்டவர்களோடு இயல்பாகப் பழகுவதையும், சச்சரவுகளைத் தாமே தீர்த்துக்கொள்வதையும் எப்படிக் கற்பிப்பது என்று கேட்டு ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். குழந்தைகளின் நலன் கருதி, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வாரத்தில் ஒரு பாடவேளை நன்னெறிக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. "எல்லோரிடமும் அன்பாக இருக்க வேண்டும்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. மணி அடித்து வெளியே போனதும் அதே குழந்தைகள் ஒருவரையொருவர் தள்ளுகிறார்கள், பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள். பரிவு என்பது உண்மையிலேயே கற்பிக்கக்கூடிய ஒன்றா?

பதில்: கற்பிக்கக்கூடியதுதான். ஆனால் அந்தப் பாடவேளையில் உங்கள் மாணவர்கள் கற்றுக்கொண்டிருப்பது பரிவைப் பற்றிய ஒரு வாக்கியத்தை. அதை அவர்கள் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள் என்றால், அந்தப் பாடம் வெற்றி பெற்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். நீங்கள் எதிர்பார்ப்பது வேறொன்று என்பதால், அதற்கான வழியும் வேறாகத்தான் இருக்க முடியும்.

பிறர் மனத்தில் இருப்பது என் மனத்தில் இருப்பதிலிருந்து வேறானது என்ற அறிவு குழந்தைகளுக்குப் படிப்படியாகவே வருகிறது. ஆஸ்திரிய உளவியலாளர்களான ஹைன்ஸ் விம்மரும் யோசப் பெர்னரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு ஒரு சிறுகதை சொல்லப்பட்டது. ஒரு சிறுவன் தன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய தாய் அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் முதலில் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரிந்திருக்காது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. நான்கு வயதை ஒட்டியும் அதற்குப் பிறகும்தான் சரியான விடை வரத் தொடங்குகிறது. உங்கள் மாணவர்கள் ஏழு வயதினர். ஆகவே அந்த அறிவு அவர்களிடம் இருக்கிறது. கோபம் தலைக்கேறும் வேளையில் அது கைக்கு எட்டாமல் போவதே சிக்கல். பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனவே அமைதியான நேரத்தில் பழக்க வேண்டும், அதுவும் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். முதலில் உணர்ச்சிகளுக்கான சொற்களைக் கொடுங்கள். இந்த வயதுக் குழந்தைகள் பலர் "கோபம்", "சோகம்" என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். ஏமாற்றம், பொறாமை, வெட்கம், பதற்றம், தனித்துவிடப்பட்ட வருத்தம் ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு அவற்றை மற்றவர் முகத்தில் பிரித்துக் காண்பதும் எளிதன்று. இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. நீங்கள் எப்படியும் வகுப்பில் வாசித்துக் காட்டும் கதையில், ஒரு பக்கத்தின் நடுவே நிறுத்தி, "இப்போது இவளுக்கு என்ன தெரியும்? என்ன தெரியாது? இவள் முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் போதும். கதையின் நீதி என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி வந்த நொடியில் குழந்தைகள் மீண்டும் வாக்கியம் ஒப்பிக்கும் நிலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அடுத்தது, வகுப்பில் தாமாக நிகழும் சிறு சம்பவங்கள். ஒருவனின் கை தவறிப் பட்டு, பக்கத்தில் இருப்பவளின் ஓவியத்தின் மேல் தண்ணீர் கொட்டிவிடுகிறது. "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்றால் அவன் தன் பயத்தை மட்டுமே கவனிப்பான். "அவள் காலையிலிருந்து வரைந்த படம் இது. அவளைப் பார். அவளுக்கு இப்போது என்ன தேவைப்படும் என்று நினைக்கிறாய்?" என்றால் அவன் கண் அவள் பக்கம் திரும்புகிறது. தன் செயல் மற்றவருக்கு என்ன செய்தது என்பதைக் குழந்தைக்கு எடுத்துக் காட்டும் இந்த வகைக் கண்டிப்பு, தண்டனையைவிடவும் மிரட்டலைவிடவும் பரிவை வளர்க்கிறது என்பது மார்ட்டின் ஹாஃப்மன் போன்ற உளவியலாளர்கள் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்த கருத்து.

கனடாவில் மேரி கோர்டன் 1996இல் டொராண்டோ நகரில் தொடங்கிய ஒரு திட்டம் இதையே வேறொரு விதத்தில் செய்கிறது. பிறந்து சில மாதங்களே ஆன ஒரு கைக்குழந்தை, தாய் அல்லது தந்தையுடன், பள்ளியாண்டு முழுவதும் மாதம் ஒருமுறை வகுப்பறைக்கு வருகிறது. நடுவில் விரித்த பச்சைப் போர்வையில் குழந்தை படுத்திருக்க, மாணவர்கள் சுற்றி அமர்ந்து அது ஏன் அழுகிறது, எதைப் பார்க்கிறது, எது அதற்குப் பிடிக்கவில்லை என்று ஊகிக்கிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பேச வராது என்பதால், மாணவர்கள் முகத்தையும் உடலையும் கவனித்தே தீர வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு எல்லாப் பள்ளிகளுக்கும் இயலாது. ஆனால் முதலில் கவனிப்பது, பிறகு ஊகிப்பது, ஊகம் சரியா என்று பார்ப்பது என்ற அதன் வரிசையை எந்த வகுப்பிலும் பின்பற்றலாம்.

கேள்வி: என் மகன் (வயது ஆறு) தங்கையின் பொம்மையை உடைத்தாலும், வகுப்பில் யாரையாவது அடித்தாலும், "மன்னிப்புக் கேள்" என்று சொன்னவுடன் கேட்டுவிடுகிறான். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்கிறான். பள்ளியிலும் இதே நடைமுறைதான். இதனால் பயன் ஏதும் உண்டா?

பதில்: குறைவு. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள், தானாகக் கேட்ட மன்னிப்பையும் பெரியவர் வற்புறுத்திக் கேட்கவைத்த மன்னிப்பையும் தெளிவாகப் பிரித்தறிகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வற்புறுத்தலால் வந்த மன்னிப்பு, அடிபட்ட குழந்தைக்கு ஆறுதல் தருவதில்லை. தன்னை ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணத்தைக்கூடத் தரலாம்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிசா டிரெல், விக்ரம் ஜஸ்வால் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் பிளாஸ்டிக் குவளைகளை அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள். முடியும் தறுவாயில் ஒரு பெரியவர் அதைத் தட்டிவிட்டார். அவர் தானாகவே மன்னிப்புக் கேட்டபோதுகூட, மன்னிப்பே கேட்காதபோது இருந்த அளவுக்கு வருத்தம் குழந்தைகளிடம் இருந்தது. கோபுரத்தை மறுபடி கட்டுவதற்கு அவர் உதவியபோதுதான் அவர்கள் மனம் தேறினார்கள்.

ஆகவே சொல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் செயல் வரட்டும். "பொம்மை உடைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய உன்னால் என்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள். ஒட்டுவதற்குப் பசை எடுத்து வருவது, தன் பொம்மையைச் சிறிது நேரம் கொடுப்பது, அழுபவளின் அருகில் உட்கார்ந்திருப்பது என எதுவாகவும் இருக்கலாம். என்ன செய்வது என்பதை அவன் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் எதுவும் செய்யாமல் நழுவிவிட அனுமதிக்காதீர்கள். அவன் சிரிப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆறு வயதில் அது பெரும்பாலும் வெட்கத்தின் அடையாளம்.

கேள்வி: நான்காம் வகுப்பில் ஊஞ்சலுக்காக இரண்டு மாணவர்கள் அடித்துக்கொண்டார்கள். விசாரித்தால், ஒவ்வொருவனும் மற்றவன்தான் ஆரம்பித்தான் என்கிறான். நாளொன்றுக்கு நான்கைந்து முறை நீதிபதியாக உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. மாணவர்களையே நடுவர்களாக வைக்கும் முறை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம், ஆனால் முதலில் நீங்கள் நீதிபதி நாற்காலியிலிருந்து எழுந்தாக வேண்டும். "யார் முதலில் ஆரம்பித்தது?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள். ஒவ்வொரு குழந்தையும் தனக்கு வலித்த இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகிறது. இருவரும் பொய் சொல்லாமலேயே இரண்டு வேறு கதைகளைச் சொல்ல முடியும். அதில் எது முதல் என்று கண்டுபிடித்துத் தீர்ப்பு வழங்கினால், தோற்றவன் அடுத்த இடைவேளைக்காகக் காத்திருப்பான்.

முதலில் ஆற வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் சிவந்து நிற்கும் குழந்தையிடம் எதையும் பேசிப் பயனில்லை. இருவரையும் தனித்தனியே சில நிமிடம் உட்காரவையுங்கள். அது தண்டனை அன்று என்பதையும், பிறகு பேசப்போகிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் அறிவுரை கூறாமல் இருப்பதே ஆசிரியருக்குக் கடினமான பகுதி. பிறகு இருவரையும் அருகருகே உட்காரவைத்து, ஒருவன் பேசும்போது மற்றவன் குறுக்கிடக் கூடாது என்ற ஒரே விதியோடு தொடங்குங்கள். பேசி முடித்ததும், மற்றவன் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலாமவன் "ஆமாம், நான் அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகே முறை மாறும்.

நடைமுறையில் அது இப்படித்தான் இருக்கும். "அவன் எப்போதுமே ஊஞ்சலை விடமாட்டான்" என்கிறான் ஒருவன். "எப்போதும் என்பதை விட்டுவிடு. இன்று என்ன நடந்தது?" என்கிறீர்கள். "மணி அடிக்கப் போகிறது, இன்றும் எனக்கு முறை வராது என்று நினைத்தேன். அதனால் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்." மற்றவனிடம், "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்கிறீர்கள். "கயிற்றைப் பிடித்து இழுத்தானாம்." "அது மட்டுந்தானா?" சற்று நேரம் அவன் தரையைப் பார்க்கிறான். "முறை வராது என்று நினைத்தானாம்." இந்த இடத்துக்கு வந்து சேர ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அந்தச் சண்டையில் கற்பிக்க வேண்டியது முழுவதும் அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. "ஊஞ்சல் வேண்டும்" என்பது இருவருக்கும் பொதுவான விருப்பம், அதில் சமரசம் கிடையாது. "முறை வராது என்ற அச்சம்" என்பது தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினை.

தீர்வை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்வது உங்களுக்கு அசட்டுத்தனமாகத் தோன்றினாலும், யாருக்கும் தீங்கில்லை என்றால் இரண்டு நாள் நடைமுறைப்படுத்திப் பார்க்கட்டும். இருபது ஆட்டம் ஆடியதும் இறங்குவது என்று அவர்களே தீர்மானித்தால், உங்கள் கடிகாரத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். மூன்றாம் நாள் மறக்காமல் இருவரையும் அழைத்து, அது சரிப்பட்டு வருகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் விட்டுவிடுவது இந்த மூன்றாம் நாளைத்தான். அதனால்தான் அதே சண்டை அடுத்த வாரம் திரும்பி வருகிறது.

வகுப்பில் பலர் இந்த வரிசையை நேரில் கண்டு பழகிய பிறகு மாணவ நடுவர்களை நியமியுங்கள். இருவர் இருவராக, முறை மாற்றி, எல்லோருக்கும் வாய்ப்பு வரும்படி செய்யுங்கள். நன்றாகப் படிப்பவர்களையும் அடக்கமானவர்களையும் மட்டும் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். அடிக்கடி சண்டையில் மாட்டும் மாணவன் நடுவனாக உட்காரும்போது கற்றுக்கொள்வது மிக அதிகம். நடுவர்கள் கேள்வி கேட்கலாம், திருப்பிச் சொல்ல வைக்கலாம். தீர்ப்புச் சொல்லவோ தண்டிக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. காயம், மிரட்டல், திருட்டு ஆகியவை நேரே ஆசிரியரிடம் வர வேண்டும்.

மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. இவை அனைத்தும் ஏறத்தாழச் சம வலிமையுள்ள இருவருக்கிடையே நடக்கும் சண்டைக்கே பொருந்தும். பள்ளிகளில் நிகழும் தொடர் சீண்டலைப் பற்றிய ஆய்வுகளுக்கு வழிவகுத்த நார்வே உளவியலாளர் டான் ஓல்வெயஸ், அதற்கு மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, ஒருவரைவிட மற்றவர் வலிமையுடையவராக இருப்பது. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் இருவரையும் அருகருகே உட்காரவைத்து, "நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு" என்பது அநீதி. ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருக்கும் குழந்தை, தன்னை வதைப்பவன் முன்னிலையில் மேலும் ஒருமுறை பணிந்துபோவதுதான் அங்கே நடக்கும். அங்கே தேவைப்படுவது சமரசப் பேச்சு அன்று. பெரியவர் தலையிட்டு நிறுத்துவதும், பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புத் தருவதுமே.

கேள்வி: கருணையாக நடந்துகொள்ளும் மாணவர்களுக்கு நட்சத்திரக் குறி கொடுத்து, மாத இறுதியில் பரிசும் வழங்குகிறோம். பெற்றோர் வரவேற்கிறார்கள். இதைத் தொடரலாமா?

பதில்: நிறுத்திவிடலாம். பெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இருபது மாதக் குழந்தைகள் ஒரு பெரியவருக்குத் தாமாகவே உதவினார்கள். உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, எதுவும் பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். பள்ளி வயதில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது: ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் கீழே விழுந்தவரைத் தூக்கிவிடும் குழந்தைகள் உருவாகிறார்கள். "நீ நோட்டைக் கொடுத்ததால் அவளால் பாடத்தை எழுதி முடிக்க முடிந்தது" என்று, செயலின் பயனைச் சுட்டி ஒரு வரி சொல்லுங்கள்; அதுவே போதும்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. நிறம், மொழி, மதம், உடல் குறைபாடு போன்ற வேற்றுமைகளைப் பற்றி வகுப்பில் பேசப்போவதாகப் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. குழந்தைகள் கள்ளங்கபடம் இல்லாதவர்கள். அவர்கள் கண்ணில் படாத வேற்றுமையை நாமே சுட்டிக்காட்டி, பிஞ்சு மனத்தில் நஞ்சை விதைப்பதாகாதா?

பதில்: தங்கள் கவலையின் நோக்கத்தை மதிக்கிறேன், ஆனால் அது நிற்கும் அடித்தளம் சரியில்லை. வேற்றுமைகள் குழந்தைகளின் கண்ணில் நாம் நினைப்பதற்கு மிக முன்பே பட்டுவிடுகின்றன. அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1940களில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பான்மைக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். வகுப்பறையில் யாரும் அவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியிருக்கவில்லை. நிற அடிப்படையில் பள்ளிகளைப் பிரித்துவைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பு, இந்த ஆய்வைச் சான்றுகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

பெரியவர்களின் மௌனத்தைக் குழந்தைகள் நடுநிலையாக எடுத்துக்கொள்வதில்லை. யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யாரைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்கிறது என்பதையெல்லாம் பார்த்து, விளக்கம் கிடைக்காத இடத்தில் தாமே ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். சக்கர நாற்காலியில் செல்பவரைப் பார்த்து உங்கள் மகள் உரக்க, "இவர் ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டால், அவள் கையை அழுத்தி "உஷ்" என்பதுதான் தீங்கான பாடம். "சிலருக்குக் கால்கள் நடக்க உதவுவதில்லை, அவர் இந்த நாற்காலியில் போகிறார்" என்ற எளிய விடையோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஆனாலும் தங்கள் கேள்வியில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பெரியவர்கள் ஒரு வேற்றுமையைப் பயன்படுத்தும் விதம், இல்லாத பிளவை உண்டாக்கக்கூடும். ரெபெக்கா பிக்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கோடைக்காலப் பள்ளிக்கு வந்த தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு மஞ்சள், நீலம் என்று இரண்டு நிறச் சட்டைகள் கொடுக்கப்பட்டன. சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே எதுவும் நிகழவில்லை. மற்ற வகுப்புகளில் ஆசிரியர்கள் நிறத்தைச் சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள், நிறத்தின்படி உட்காரவைத்தார்கள். எந்த நிறம் உயர்ந்தது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில வாரங்களில் அந்தக் குழந்தைகள் தம் நிறத்தவரே சிறந்தவர்கள் என்று கருதத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் ஒரு வரிசை, பையன்கள் ஒரு வரிசை என்று நாள்தோறும் நிறுத்துவதும், பெண்களா பையன்களா என்று போட்டி வைப்பதும் எவ்வளவு சாதாரணமாக நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். லேசி ஹில்லியர்டும் லின் லைபனும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்பு ஒன்றில் இரண்டே வாரம் இப்படிப் பிரித்து அழைத்ததில், குழந்தைகள் எதிர்பாலினத்தவரோடு விளையாடுவதே குறைந்துபோனது. எனவே அந்தப் பள்ளியிடம் தாங்கள் கேட்க வேண்டியது, வேற்றுமையைப் பற்றிப் பேசுகிறீர்களா என்பதைவிட, எதை அடிப்படையாக வைத்துக் குழந்தைகளைப் பிரிக்கிறீர்கள் என்பதையே.

பேசுவது மட்டும் போதுமா என்றால், போதாது. வெறுமனே ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதும் போதாது. சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரு குழுக்களாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். விரைவிலேயே அவர்கள் ஒருவர் கொடியை மற்றவர் எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. பிறகு இரு குழுக்களையும் ஒன்றாக உண்ணவைத்தும், ஒன்றாகப் படம் பார்க்கவைத்தும் எதுவும் மாறவில்லை. சாப்பாட்டு மேசையே சண்டைக்களமானது. முகாமுக்கு வரும் தண்ணீர் தடைபட்டு, இரு குழுவும் சேர்ந்து காரணத்தைத் தேட வேண்டியிருந்தபோதும், நின்றுபோன வண்டியை எல்லோரும் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தபோதும்தான் பகை கரையத் தொடங்கியது. அந்தப் பகையும் அந்த நெருக்கடிகளும் ஆய்வாளர்களே திட்டமிட்டு ஏற்படுத்தியவை; இன்று எந்தப் பள்ளிக்கும் அப்படிச் செய்ய அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் குழுக்களிடையே வெறுப்புக் குறைவதற்கென உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் அதே 1954இல் வகுத்துக் கூறிய நிபந்தனைகளோடு அது ஒத்துப்போகிறது: சம மதிப்பு, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு.

வகுப்பறைக்கு இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், அதுவரை நிற அடிப்படையில் பிரிந்திருந்த பள்ளிகள் இணைக்கப்பட்டு, வகுப்புகளில் பூசல் மிகுந்திருந்த 1971இல் அவர் "ஜிக்சா" முறையை உருவாக்கினார். ஒரு பாடத்தை ஐந்தாறு பகுதிகளாகப் பிரித்து, பல பின்னணி கொண்ட ஐந்தாறு மாணவர்கள் அடங்கிய குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துவிடுவார்கள். முழுப் பாடமும் தெரிய வேண்டுமென்றால், தயங்கித் தயங்கிப் பேசும் மாணவனின் பகுதியையும் மற்றவர்கள் பொறுமையாகக் கேட்டே ஆக வேண்டும். அவனைக் கேலி செய்தால் நட்டம் தமக்குத்தான். என் கணிப்பில், வேற்றுமையைப் பற்றிய பத்து உரைகளைவிட இந்த ஓர் ஏற்பாடு மேலானது. ஆண்டுக்கு ஒருநாள் குழந்தைகளுக்குப் பல தேசத்து உடை அணிவித்து மேடையேற்றுவதை நான் எதிர்க்கவில்லை, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற நாட்களில் அந்தக் குழந்தைகள் யாரோடு சேர்ந்து கணக்குப் போடுகிறார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

கேள்வி: பார்வையற்றோரின் நிலையை உணர்வதற்காக மாணவர்களின் கண்களைக் கட்டி நடக்கவிடும் பயிற்சியை நடத்த விரும்புகிறோம். இது பயன் தருமா?

பதில்: நோக்கத்துக்கு நேர்மாறான விளைவு ஏற்படக்கூடும். ஏரியல் சில்வர்மனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவர்கள், பார்வையற்றோரால் தனித்து வேலை செய்யவும் வாழவும் முடியும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். சிறிது நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டவர் அறிவது, திடீரெனப் பார்வை போனவரின் திகைப்பை; பல ஆண்டுகளாகப் பழகித் தேர்ந்தவரின் வாழ்க்கை அவருக்குத் தெரிவதில்லை. பார்வையற்ற ஒருவரை அழைத்து, அவர் எப்படிப் படிக்கிறார், எப்படிப் பயணம் செய்கிறார் என்பதை அவரே சொல்லக் கேட்கச் செய்யுங்கள். குழந்தைகள் கேள்வி கேட்கட்டும்.

கேள்வி: எனக்கு ஒன்பது வயது. எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணை மூன்று பேர் தினமும் கேலி செய்கிறார்கள். விளையாட்டிலும் சேர்ப்பதில்லை. எனக்குப் பாவமாக இருக்கிறது. நான் பேசினால் என்னையும் கேலி செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புக் குழந்தைக்கு, நீ பயப்படுவது தவறில்லை. அந்த மூவரோடு நீ சண்டை போட வேண்டியதில்லை. அவர்கள் கேலி செய்யும்போது நீ சிரிக்காமல் இரு. அது முதல் உதவி. பிறகு அவளிடம் போய், "வா, நாம் அங்கே போகலாம்" என்று அழைத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு. உன் தோழி ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் எளிது. அன்றே ஓர் ஆசிரியரிடமோ அம்மா அப்பாவிடமோ சொல்லிவிடு. ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொல்வதுதான் கோள். ஒருவருக்கு உதவி கிடைப்பதற்காகச் சொல்வது கோள் இல்லை. முதலில் சொன்னவர் கவனிக்காவிட்டால், இன்னொருவரிடம் சொல்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் டெப்ரா பெப்லரும் அவருடைய குழுவினரும் விளையாட்டுத் திடல்களில் ஒலி, ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, சீண்டல் நடந்த தருணங்களில் 88 சதவீதத்தில் மற்ற குழந்தைகள் அருகில் இருந்தார்கள். 19 சதவீதத்தில் மட்டுமே யாரேனும் தலையிட்டார்கள். தலையிட்டபோதோ, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் சீண்டல் பத்து நொடிக்குள் நின்றுபோனது. இந்த ஆய்வு 2001இல் வெளியானது. பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கையில் இவ்வளவு வலிமை இருப்பதால்தான், பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவள்ளி உருவாக்கி, 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலான கிவா திட்டம், சீண்டுபவரோடும் சீண்டப்படுபவரோடும் நின்றுவிடாமல், சுற்றி நிற்கும் குழந்தைகளுக்கே முதன்மையாகப் பயிற்சி தருகிறது. விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவதற்கும் மருந்து உண்டு. அமெரிக்காவில் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி, "விளையாட வராதே என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது" என்ற ஒரே விதியைத் தம் வகுப்பில் கொண்டுவந்தார். கொண்டுவருவதற்கு முன் மேல் வகுப்புக் குழந்தைகள் பலரிடமும் அது நியாயமா, நடக்குமா என்று கேட்டு விவாதித்தார். நண்பர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பறிபோகிறதே என்று குழந்தைகளே எழுப்பிய எதிர்ப்பு பொருட்படுத்தத்தக்கதுதான். ஆயினும் வகுப்பறையும் விளையாட்டுத் திடலும் பொது இடங்கள் என்பதால், அந்த விதியின் பக்கமே நான் நிற்கிறேன்.

கேள்வி: பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. இவற்றுக்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் மதிப்பெண் குறையும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: ஜோசப் டர்லாக்கும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வைக் காட்டலாம். உணர்ச்சிகளைக் கையாள்வதையும் சமூகத் திறன்களையும் கற்பிக்கும் 213 பள்ளித் திட்டங்களையும், அவற்றில் பங்கேற்ற 2,70,034 மாணவர்களையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. மாணவர்களின் நடத்தை மேம்பட்டதோடு, கல்வித் தேர்ச்சியும் குறையாமல் கூடியது; நூறு பேர் வரிசையில் கீழிருந்து எண்ணி ஐம்பதாம் இடத்தில் நிற்கும் ஒருவர் அறுபத்தொன்றாம் இடத்துக்கு முன்னேறுவதற்கு ஒப்பானது அந்த உயர்வு. படிப்படியாக, செயல்வழியாக, குறிப்பிட்ட திறனை வெளிப்படையாகச் சுட்டிக் கற்பித்த திட்டங்களே நல்ல பலன் தந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் மதிப்பெண்ணைக் காரணமாகக் காட்டி இதை நியாயப்படுத்துவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. மதிப்பெண் கூடாவிட்டாலும், இடைவேளையில் தனியாக நிற்கும் ஒரு குழந்தைக்குத் துணை கிடைப்பது பள்ளியின் வேலைதான். சக ஆசிரியர்களோடு வாதாட வேண்டாம். அடுத்த வாரம் நீங்கள் எப்படியும் நடத்தவிருக்கும் பாடம் ஒன்றை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஜிக்சா முறையில் குழுக்களுக்குக் கொடுங்கள். வழக்கமான பாடவேளைக்குள்ளேயே அதை முடித்து, வழக்கமான தேர்வையே வையுங்கள். முதல் இரண்டு முறை இரைச்சலாக இருக்கும். மூன்றாம் முறை, நம்பாத ஆசிரியர் ஒருவரை வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.